மணல் மூட்டைக்குப் பக்கத்து இடம்

நாமக்கல்
12 ஜூன் 2023

கிருத்திகா சாமிக்கு,

அப்பா எழுதுவது. முந்தாநாள் தபால் ஆபீசில் போய் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணுக்குங்களா?" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "போன் எடுக்காதவங்களுக்குத்தானுங்க இப்பல்லாம் லெட்டர் போடறாங்க." பின்னால் வரிசையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த சிரிப்பில் சில்லறையை வாங்காமல் வெளியே வந்து, மறுபடி போய் நின்று வாங்கினேன்.

நீ பேசாமல் இன்றோடு இருபத்திரண்டு நாள். உங்கம்மா கோகிலவாணி அம்மாளிடம் மட்டும் பேசுகிறாய். அவள் போனை நான் வாங்கினால், "கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். உன் கிளாஸ் நான்கு வருடம் முன்பே முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும், நீ ஆராய்ச்சி மாணவி.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஜாம்ஷெட்பூரிலிருந்து நீ அனுப்பிய மரப்பெட்டியைப் பட்டறையில் வைத்துத்தான் பிரித்தேன். உள்ளே ஒரு அலுமினியக் கட்டி, செங்கல் அகலம், நாற்பது எம்.எம். கனம். உடம்பெல்லாம் ஓட்டை, ஆப்பத்தைக் கவிழ்த்துப் பார்த்த மாதிரி. முப்பத்தோரு வருடம் லாரி பாடி கட்டுகிறவன் நான். வார்ப்பில் ஒரு ஓட்டை இருந்தாலே திருப்பி அனுப்புவோம். யாரோ உன் தலையில் கழிவைக் கட்டிவிட்டார்கள், பிள்ளை பாவம், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அதனால் ஓட்டைகளை அடைத்துப் பட்டி பார்த்தேன். நான்கு கோட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே மஞ்சள் பெயிண்ட். பெயிண்டர் வெள்ளியங்கிரி நாலு மூலையிலும் தாமரை வரைந்தான். அதோடு விட்டேனா, வீடியோ வேறு எடுத்து அனுப்பினேன். அதில் நான் கட்டியைத் தட்டிக் காட்டி, "இப்பத்தான் சாமி இது உருப்படி" என்று சொல்வது நன்றாகக் கேட்கிறது. இருபது தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆளை அடிக்கலாம் போல இருக்கிறது.

தப்பு என்று தெரிகிறது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. எழுது.

அப்பா
செங்கோடன்


ஜாம்ஷெட்பூர்
24 ஜூன் 2023

அப்பாவுக்கு,

போனில் பேசினால் கத்துவேன். அதனால் எடுக்கவில்லை. இனிமேலும் இந்த விஷயத்தைக் கடிதத்திலேயே வைத்துக்கொள்வோம். போனில் "ஒண்ணும் செய்யாதீங்க, அப்படியே மாட்டுங்க" என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "சரி சாமி" என்றீர்கள். எழுத்தில் இருந்தால் நீங்களும் மறுபடி படிக்கலாம், நானும் காட்டலாம்.

அந்த ஓட்டைகள்தான் அப்பா அது. அதற்குப் பெயரே அலுமினிய நுரை. உருக்கிய அலுமினியத்துக்குள் காற்றைப் பிடித்து நிறுத்தி ஆறவைக்கிறோம். கனம் இல்லாமல் இருக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். ஒரே அடியில் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்த விஷயம். சின்னச் சின்ன அடியாக லட்சக்கணக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. இங்கே இயந்திரம் ஒரே சீராக அமுக்குகிறது. ரோடு அப்படி அமுக்காது. அதற்காகத்தான் வீரபாகு மாமாவின் முட்டை லாரி.

சாலையில் போட்டுப் பார்க்க என்னிடம் இருந்தது இரண்டு கட்டி. ஒன்றில் இப்போது தாமரை பூத்திருக்கிறது. மீதம் ஒன்று. அதுவும் கெட்டால் என் கடைசி அத்தியாயம் இல்லை, பட்டமும் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர், "வேறு யாரையாவது பாரேன்" என்றார். நானும் ஒரு வாரம் யோசித்தேன். தெரிந்த லாரி, தெரிந்த ரோடு, தெரிந்த டிரைவர் வேறு எங்கும் இல்லை. அதனால் மட்டும்தான் அனுப்புகிறேன்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் கட்டியை வைத்து மாட்டுங்கள். சீட்டின் மேல் சரியாக அறுபது கிலோ மணல் மூட்டை, நகராமல் கட்டியது. கூட வரும் சின்னக் கறுப்புப் பெட்டியைச் சீட்டுச் சட்டத்தில் முடுக்குங்கள், அது குலுக்கலைப் பதிவு செய்து எனக்கு அனுப்பும். ஆள் யாரும் அந்த சீட்டில் உட்காரக் கூடாது. ஆறு மாதம். தேய்க்க வேண்டாம், துடைக்க வேண்டாம், பொட்டு வைக்க வேண்டாம்.

உங்களால் சும்மா இருக்க முடியுமா அப்பா? கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

கிருத்திகா


நாமக்கல்
18 ஜூலை 2023

கிருத்திகா சாமிக்கு,

கட்டி வந்தது. நீ எழுதியபடியே மாட்டிவிட்டோம். மணலை மட்டும் மூன்று முறை நிறுத்தேன். வீரபாகு, "மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்தவன் நகையை நிறுக்கற மாதிரி நிறுக்கறயேப்பா" என்றான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். மாட்டுவதற்கு முந்தின சாயந்திரம் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கெடுக்க இல்லை, பார்க்க. உங்கம்மா, "ஏனுங்க, இரும்புச் சாமானு இத்தனை லேசா இருக்குது" என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டியில் விட்டால் மிதக்குமா என்றேன். விடாதே என்று நீ எழுதவில்லை. ஆனாலும் பயந்து, பாலித்தீன் பையில் நாலு சுற்றுச் சுற்றி விட்டோம். மிதந்தது சாமி. தொட்டியில் வேப்பிலை நாலைந்து கிடந்தது, அதோடு அதுவும் சுற்றிச் சுற்றி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெளிச்சம் போகிற வரை பார்த்துக்கொண்டு நின்றோம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அன்றைக்கு ஒரு கனவு. பட்டறையில் ஒரு முழு லாரியை நுரையிலேயே கட்டியிருக்கிறோம். வெள்ளியங்கிரி ஒரு கையால் தூக்கிக் கொண்டுபோய் ரோட்டில் வைக்கிறான். லாரி தரையைத் தொடாமல் ராசிபுரம் பக்கம் மிதந்து போகிறது, ஒரு முட்டைகூட உடையவில்லை. நான் பின்னாலேயே ஓடுகிறேன். எதற்கு என்று பார்த்தால் கையில் பட்டித் தகடு. சும்மா இருக்க முடியுமா என்று கேட்டாயே, கனவில்கூட முடியவில்லை. முழிப்பில் முயற்சி செய்கிறேன்.

அப்பா


ஜாம்ஷெட்பூர்
3 செப்டம்பர் 2023

அப்பாவுக்கு,

பாலித்தீனில் சுற்றி மிதக்கவிட்டதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அதனால் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை நிற்கவில்லை. என் இயந்திரம் ஒரு நிமிடத்துக்கு அறுநூறு தடவை அமுக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தச் சத்தம் எனக்குள் போய்விட்டது. சாப்பிடும்போதும் கேட்கிறது. சில மத்தியானங்களில் கண்ணை மூடினால் கட்டிக்குள் இருக்கிற மாதிரி தோன்றும். சின்னச் சின்ன அறைகள், மெல்லிய சுவர்கள், எல்லா அறையிலும் ஒரே மங்கலான வெளிச்சம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நுரை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளராது. லட்சம் அடி வாங்கியும் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். பிறகு ஒரு நாள், எங்கோ ஒரு வரிசையில் இருக்கும் அறைகள் மட்டும் ஒன்றாக மடியும். மேலும் கீழும் புதிதாகவே இருக்கும், நடுவில் ஒரு கோடு நசுங்கியிருக்கும். அந்த நாள் எப்போது வரும் என்று சொல்ல ஒரு கணக்கு போட்டிருக்கிறேன். உங்கள் லாரியில், அறுபது கிலோவுக்கு, ஜனவரிக்கு முன் வராது. இதை எழுதி, கையெழுத்துப் போட்டுப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

வாரம் ஒரு முறை வெர்னியர் அளவுகோல் வைத்து நாலு மூலையிலும் கனம் பார்த்து எழுதுங்கள். மெல்ல வையுங்கள்.

மாமா ரோட்டைப் பற்றி என்ன சொல்கிறார்?

கிருத்திகா


நாமக்கல்
14 செப்டம்பர் 2023

கிருத்திகா சாமிக்கு,

கனம் நாலு மூலையிலும் நாற்பது. மயிரிழை குறையவில்லை.

ரோட்டைக் கேட்டாய். விடிகாலை நாலரைக்கு இங்கே கிளம்பினால் ஓமலூர் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். தூரத்தில் மேட்டூர் புகைபோக்கி தெரியும், புகை மேலே போகாமல் படுத்துக் கிடக்கும். தொப்பூர் ஏற்றத்தில் லாரி மூச்சு வாங்கும்போது இரண்டு பக்கமும் மலை நீலமாக இருந்து, பிறகு மெதுவாகப் பச்சையாகும். பின்னால் அட்டைகளில் முட்டைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஒரு சத்தம் போடும், தூக்கத்தில் பிள்ளைகள் பல்லைக் கடிக்கிற மாதிரி. கிருஷ்ணகிரி தாண்டினால் வெயில் நேராக மடியில் வந்து உட்காரும்.

வீரபாகு சொன்னான்.

அப்பா


நாமக்கல்
12 அக்டோபர் 2023

கிருத்திகா,

முந்தின வாரம் 40. இந்த வாரம் 38.6. மூன்று தடவை பார்த்தேன், வெர்னியரை மாற்றியும் பார்த்தேன். பக்கவாட்டில் நீ சொன்ன மாதிரியே ஒரு கோடு, நடுவுக்குச் சற்றுக் கீழே.

தொடவில்லை சாமி. பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள், கேட்டுக்கொள்.

அப்பா


ஜாம்ஷெட்பூர்
28 அக்டோபர் 2023

அப்பாவுக்கு,

ஜனவரிக்கு முன் வராது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் வந்துவிட்டது. பாதி கூட ஆகவில்லை.

இரண்டு வாரமாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். இயந்திரத்தில் சரியாக வருகிற கணக்கு ரோட்டில் வரவில்லை. பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த அத்தியாயத்தை எடுத்துவிடு, வேறு விஷயம் பிடித்து இன்னொரு வருடம் இரு" என்றார், மழை வருகிறது குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரி. டிசம்பர் பத்துக்குள் நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். என்னிடம் இல்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். அறை அமைதியாக இருக்கிறது. காதுக்கு அது பழகவில்லை.

இதில் உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். இந்தத் தடவை நான் சொன்னபடியே இருந்தீர்கள். நம்பவில்லை நான், மன்னித்துக்கொள்ளுங்கள். தப்பு என் கணக்கில்தான்.

கிருத்திகா


நாமக்கல்
4 நவம்பர் 2023

கிருத்திகா சாமிக்கு,

உன் கடிதத்தை உங்கம்மாதான் சத்தமாகப் படித்தாள். "சொன்னபடியே இருந்தீர்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "எழுதிருங்க" என்றாள். "எழுதினா இனி பேசவே மாட்டா" என்றேன். "பேசாட்டிப் போறா. அவ படிச்சது பொய்யாயிரக் கூடாது" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சு போடவில்லை.

நான் அந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

ஒரு தடவை இல்லை. பதினான்கு தடவை. மணல் மூட்டை ஒரு பக்கம், நான் அதற்குப் பக்கத்தில். ஓமலூர், தொப்பூர் என்று எழுதினேனே, அது வீரபாகு சொன்னது இல்லை. அவன் ரோட்டைப் பற்றிச் சொன்னால் "இருக்குது" என்பான், அவ்வளவுதான்.

முதல் வாரம் சும்மாதான் இருந்தேன். ரெண்டாவது வாரம் எனக்கு ஒரு எண்ணம். வழியில் ஏதாவது பட்டறையில் நிறுத்தினால், யாராவது ஒரு மேஸ்திரி சீட்டுக்கு அடியில் பார்த்து, என்னடா ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்று நல்ல மனசோடு எதையாவது செய்துவிட்டால்? இந்த ஊர்ப்பக்கம் என்னை மாதிரி நல்ல மனசுக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. காவலுக்குப் போனேன். பட்டறையில் சேலத்துக்குப் பெயிண்ட் வாங்கப் போகிறேன் என்று சொல்லுவேன். மூன்று மாதத்தில் பதினான்கு தடவை பெயிண்ட் வாங்கியும் டப்பா எண்ணிக்கை ஏறவில்லையே என்று வெள்ளியங்கிரிகூடக் கேட்டான்.

நீ ஆள் உட்காரக் கூடாது என்று எழுதியது நினைவில் இருந்தது. அறுபது கிலோ மணல் இருக்கிறது, நான் ஒருத்தன் ஓரமாக ஒட்டிக்கொண்டால் என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் தடவை தேறியவன் போட்ட கணக்கு.

நேற்று கோழித் தீவன மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். எழுபத்தோரு கிலோ. உங்கம்மா கட்டிக் கொடுத்த டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில் சேர்த்து எழுபத்து நாலு. தீவனக்காரன் என்ன ரகம் என்று கேட்டான். வீரபாகுவின் டிரிப் ஷீட்டிலிருந்து பதினான்கு தேதியையும், எங்கே ஏறி எங்கே இறங்கினேன் என்பதையும் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் இருபத்திரண்டு அன்று தர்மபுரியில் இறங்கிவிட்டேன், வயிறு சரியில்லை. அதையும் எழுதியிருக்கிறேன், உனக்கு உதவுமா தெரியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அப்பா


ஜாம்ஷெட்பூர்
26 நவம்பர் 2023

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். நான்கு நாள் திறக்கவில்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஏன் தட்டைப் பார்த்து முறைக்கிறாய் என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் உங்கள் தாளை எடுத்து, கறுப்புப் பெட்டி பதிந்து அனுப்பியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா, நீங்கள் அதில் இருக்கிறீர்கள். மணல் குலுங்கினால் குலுங்கி நிற்கும். ஆள் உட்கார்ந்தால் அடி மழுங்கி விழும், பிறகு ஒரு சின்ன அசைவு இருக்கும். இத்தனை நாளும் அதைப் பெட்டியின் கோளாறு என்று அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அழித்ததை எல்லாம் திரும்ப எடுத்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நீங்கள் கால் மாற்றி உட்காருவது தெரிகிறது. தொப்பூரில் முன்னால் சாய்கிறீர்கள், லாரியோடு சேர்ந்து நீங்களும் தள்ளுகிற மாதிரி. கிருஷ்ணகிரிக்கு அப்புறம் அசைவே இல்லாமல் முக்கால் மணி நேரம். மணல் தூங்காது, தூங்கியது நீங்கள். ஆகஸ்ட் இருபத்திரண்டு தர்மபுரியில் நீங்கள் இறங்கிப் போவதுகூடத் தெரிகிறது. அவசரமாக இறங்கியிருக்கிறீர்கள்.

அறுபதோடு எழுபத்து நாலைச் சேர்த்துப் பதினான்கு நாளையும் போட்டேன். கணக்கு அக்டோபர் ஒன்பது என்று சொல்கிறது. நீங்கள் கோட்டைப் பார்த்தது பன்னிரண்டு.

மூன்று நாள் வித்தியாசம் அப்பா. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "மணலை மட்டும் வைத்திருந்தால் ஒரே ஒரு பாரத்துக்குத்தான் நிரூபணம். இப்போது இரண்டுக்கு" என்றார். அத்தியாயம் இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

கோபம் போகவில்லை. அது தனியாக இருக்கட்டும். பொங்கலுக்கு வந்து கட்டியை நானே கழற்றுகிறேன். அதுவரை உட்காருவதானால் தேதி எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவில்லை. காவல் என்றால் இரண்டு தடவை, மூன்று தடவை. பதினான்கு எதற்கு? நேரில் கேட்பேன்.

கிருத்திகா


நாமக்கல்
22 ஜனவரி 2024

கிருத்திகா சாமிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவலை உங்கம்மா சொன்னாள். இனி போனிலேயே பேசலாம் என்று சொன்னாயாம். பேசுவோம். இதை மட்டும் எழுதிவிடுகிறேன், வாயில் வராது.

நீ கட்டியைக் கழற்றிய அன்று பட்டறையில் ஒருத்தரும் வேலை செய்யவில்லை. நீ தரையில் மண்டி போட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினாய். உதவிக்கு வந்தவர்களை எல்லாம் கையைக் காட்டி நிறுத்திவிட்டாய். கட்டியை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டியபோது அதில் மூன்று கோடு இருந்தது. முதல் கோட்டை விரலால் தடவி, "இது எங்கப்பாவோடதுங்க" என்று வெள்ளியங்கிரியிடம் சொன்னாய். அவன் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினான்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாய். வளைந்து வளைந்து போகிற கோடுகள். இது தொப்பூர், இது டீ குடிக்க இறங்கியது, இது தூக்கம் என்று நீ சொல்லச் சொல்ல வீரபாகு, "நாங்கூட இத்தனை கவனிக்கலியே மேஸ்திரி" என்றான். நீ என் பக்கம் திரும்பினாய்.

"இப்ப சொல்லுங்கப்பா. பதினாலு தடவை எதுக்குப் போனீங்க?"

அத்தனை பேரும் பார்த்தார்கள். உங்கம்மாகூடச் சோற்றுத் தூக்குப் போசியோடு வந்து நின்றாள். நான், "தொப்பூருக்கு முன்னால ஒரு கடை இருக்குது சாமி, அங்க டீ நல்லா இருக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதோடு விட்டுவிட்டாய்.

டீ அப்படி ஒன்றும் நன்றாக இருக்காது.

பத்து வருடமாக நீ வெளியூரில் படிக்கிறாய். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால், "மெட்டல்ல ஏதோ" என்பேன். அதற்கு மேல் உள்ளே போக எனக்கு வழி தெரியாது. நீ தினமும் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று மட்டும் தெரியும். அந்தக் கறுப்புப் பெட்டி வந்தபோது, இதில் விழுகிற ஒவ்வொரு குலுக்கலையும் அங்கே உட்கார்ந்து நீ பார்ப்பாய் என்று வீரபாகு சொன்னான். காவலுக்குப் போனது முதல் மூன்று தடவைதான். மிச்சம் பதினொரு தடவை, நீ பார்க்கிற கோட்டில், யாரென்று உனக்குத் தெரியாமல் போனாலும், நானும் ஒரு ஓரத்தில் இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா